திரை மௌனமானால் மறுபடி தட்டாதீர்கள்

ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லே தொலைநோக்கியை பெங்களூரு அருகே ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறது.

இப்படித் தொலைவிலிருந்து கணினி இயக்கும் எவருக்கும் ஒரு சங்கடம் வரும்: கட்டளை போயாயிற்று, பதிலைக் காணோம்.

பதறிப்போய் அதையே மறுபடி தட்டினால் ஒரே வேலை இருமுறை நடக்கலாம். பெரும்பாலும் நிரல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெளியீடு இடையகத்தில் தேங்கியிருக்கும். கைதவறி கன்ட்ரோல்-எஸ் அழுத்தியிருந்தால் திரை உறையும்; கன்ட்ரோல்-க்யூ அதை விடுவிக்கும். இணைப்பு அறுந்தாலோ நிரலே நின்றுபோகலாம்.

அதனால் நீண்ட வேலைகளை, இணைப்பு அறுந்தாலும் நிரலை ஓடவிடும் டி-மக்ஸ் (tmux) அமர்வில் ஓட்டி, வெளியீட்டைக் கோப்பிலும் பதிய வேண்டும். கல்லூரிகள் இதை முதல் பருவத்திலேயே கற்றுத்தரட்டும்.