புட்டியில் அடைத்த மைலேஜ்

துவரம் பருப்புக் கணக்கில் மளிகைக் கடைக்காரர் ஐந்து ரூபாய் கூடப் போட்டுவிட்டால் உங்கள் கண்ணுக்குத் தப்புமா? தப்பாது. அன்று சாயங்காலமே பை, பில் சகிதம் கடை வாசலில் போய் நிற்பீர்கள். ஆனால் வாசலில் ஒரு ஜீவன் நின்றுகொண்டு மாதாமாதம் நாலாயிரம், ஐயாயிரம் என்று பெட்ரோலாகக் குடித்துத் தீர்க்கிறதே, அதன் கணக்கை மட்டும் மெக்கானிக்கின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுகிறோம்.

"இந்தத் தடவை சிந்தெடிக் ஆயில் ஊத்திடலாம்மா, மைலேஜ் பிரமாதமா வரும். பெட்ரோல் டாங்கிலே இந்தப் புட்டியையும் ஊத்திட்டா லிட்டருக்கு இன்னும் ரெண்டு மூணு கிலோமீட்டர் கூடும்" என்கிறார் அவர். நாமும் தலையை ஆட்டுகிறோம். பில்லைப் பார்த்தால் இரண்டாயிரம் ரூபாய் ஏறியிருக்கிறது. இதில் எவ்வளவு வாஸ்தவம், எவ்வளவு வாய்ஜாலம் என்று இன்றைக்குக் கொஞ்சம் குடைந்து பார்த்துவிடலாம், வாருங்கள்.

முதலில், நாம் கொடுக்கும் பெட்ரோல் பணம் எங்கே போகிறது? பாதிக்கு மேல் வெறும் உஷ்ணமாக மாறி, ரேடியேட்டர் வழியாகவும் புகைக் குழாய் வழியாகவும் காற்றோடு போய்விடுகிறது. சக்கரத்துக்குக் கால் பங்கு வந்து சேர்ந்தாலே பெரிய காரியம். எஞ்சினுக்குள் ஒரு பாகத்தோடு இன்னொரு பாகம் உராய்கிறது அல்லவா, அதைச் சமாளிப்பதற்காகச் செலவாகும் பெட்ரோல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எஞ்சின் எண்ணெயின் ராஜ்யம் அவ்வளவுதான். அந்தப் பத்தில் பாதியை ஒரு எண்ணெய் மிச்சம் பிடித்துக் கொடுத்தால்கூட நூற்றுக்கு ஐந்துதான் லாபம். அவ்வளவு பெரிய சாமர்த்தியம் எந்த எண்ணெய்க்கும் இல்லை. அப்படியிருக்க, இருபது சதவிகிதம் கூடும் என்று ஒருவர் சொன்னால் அந்த இருபதும் எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டாமா?

ஆனாலும் எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரு பாத்திரத்தில் விளக்கெண்ணெயும் இன்னொன்றில் தேங்காயெண்ணெயும் விட்டுக் கரண்டியால் கிண்டிப் பாருங்கள். விளக்கெண்ணெய்க்குக் கை வலிக்கும். எஞ்சினும் அப்படித்தான் தன் எண்ணெயைக் கிண்டிக்கொண்டே சுழல்கிறது. எண்ணெய் தடிப்பாக இருந்தால் அதைக் கிண்டுவதற்கே பெட்ரோல் செலவாகும். டப்பாவின் மேல் 5டபிள்யூ-30 என்றும் 0டபிள்யூ-20 என்றும் போட்டிருக்கிறதே, அது இந்தத் தடிப்பின் கணக்குத்தான். முன்னால் உள்ளது குளிரில் இருக்கும் தடிப்பு. பின்னால் உள்ளது எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் இருக்கும் தடிப்பு. எண் குறைந்தால் எண்ணெய் இளக்கம்.

5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் 10டபிள்யூ-30 ஊற்றினால் மைலேஜ் நூற்றுக்கு 1 முதல் 2 வரை குறையும் என்று அமெரிக்க அரசாங்கம் வாகனக்காரர்களுக்கு வெளியிடும் குறிப்பு சொல்கிறது. நூற்றுக்கு ஒன்று, இரண்டு! அதுவும் சரியான எண்ணைப் பார்த்து ஊற்றுவதால் வருவதே தவிர, சிந்தெடிக் என்ற பெயருக்காக வருவதல்ல. சரி, குறைந்த எண்ணாக வாங்கி ஊற்றிவிட்டால் இன்னும் லாபம்தானே என்று புறப்பட்டுவிடாதீர்கள். காரோடு வந்த கையேட்டில் சொன்னதைவிட இளக்கமான எண்ணெயை ஊற்றினால் உராய்வுக்கு நடுவே நிற்க வேண்டிய படலம் நிற்காமல் போகலாம். ஐம்பது ரூபாய் பெட்ரோலுக்கு ஆசைப்பட்டு எஞ்சினையே பணயம் வைத்த கதையாகிவிடும்.

சிந்தெடிக் எண்ணெயின் நிஜமான பெருமை வேறு. கடுங்குளிரிலும் உறையாமல் ஓடும். கடும் சூட்டிலும் சட்டென்று கெட்டுப்போகாது. பனி கொட்டும் தேசத்தில் காலையில் காரைக் கிளப்புகிறவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். சென்னை மார்கழியில் இருபது டிகிரிக்கே கம்பளி போர்த்திக்கொள்ளும் நமக்கு அந்த முதல் பாதி அவ்வளவாகப் பயன்படாது. இரண்டாவது பாதி பயன்படும். இன்னொரு வேடிக்கை. "சிந்தெடிக்" என்ற வார்த்தைக்கே அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. கச்சா எண்ணெயைப் பலமாகச் சுத்திகரித்து எடுத்ததற்கும் அந்தப் பெயரைப் போடலாமா என்று இரண்டு பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் விளம்பரத் தகராறுகளைத் தீர்க்கும் சபையின் முன் மோதிக்கொண்டன. 1999-ல், போடலாம் என்று முடிவாயிற்று. ஆகவே டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, முதுகில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். உங்கள் காரின் கையேடு சிந்தெடிக் கேட்கிறதா, தாராளமாக ஊற்றுங்கள். கேட்கவில்லையா, மைலேஜுக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

இனி, டாங்கில் ஊற்றும் புட்டிக்கு வருவோம். இங்கே கதை வேறு.

ஒரு சின்ன மனக்கணக்குப் போடுங்கள். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். டாங்கு முப்பத்தைந்து லிட்டர் பிடித்தால் 3,500 ரூபாய். புட்டி 300 ரூபாய். போட்ட 300 திரும்பி வருவதற்கே மைலேஜ் நூற்றுக்கு எட்டரைக்கு மேல் கூடியாக வேண்டும். அதற்கப்புறம்தான் லாபம் என்ற பேச்சே!

அப்படிக் கூட்டிக் கொடுத்த புட்டி உண்டா? அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் சரக்குகளையும் பல வருஷங்களாகப் பரிசோதித்து ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படியாகக் கூட்டியது ஒன்றுகூட அகப்படவில்லை. அங்கே வணிகத்தைக் கண்காணிக்கும் கமிஷனும் சும்மா இருக்கவில்லை. எஸ்.டி.பி. என்று கார் பந்தயங்களிலெல்லாம் கொடி கட்டிப் பறந்த எண்ணெய்ச் சரக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 1978-ல் ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டியது. போதாக்குறைக்கு, இப்படி எங்கள்மேல் நடவடிக்கை எடுத்தார்கள் என்று தன் செலவிலேயே பத்திரிகைகளில் விளம்பரமும் போட வேண்டியதாயிற்று. மாமியார் முன்னால் மருமகன் தன் தப்பைத் தானே படித்துக் காட்டுகிற மாதிரி!

ஸ்லிக் 50 என்ற சரக்கின் கதை நம் சமையலறைக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஒட்டாத தோசைக்கல்லில் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கிறதல்லவா, அதே வஸ்துவைத் தூளாக்கி எண்ணெயில் கலந்து, எஞ்சினுக்குள் பூச்சாகப் படிந்து தேய்மானத்தைக் குறைக்கும் என்று விற்றார்கள். தோசைக்கல்லில் அந்தப் பூச்சு ஒட்டுவதற்குத் தொழிற்சாலையில் கல்லைச் சொரசொரப்பாக்கி, பூசி, பெருஞ்சூட்டில் வாட்டுகிறார்கள். ஓடுகிற எஞ்சினுக்குள் யார் வாட்டுவது? தகுந்த ஆதாரமில்லாமல் இப்படிச் சொல்லக்கூடாது என்று 1997-ல் கமிஷன் கட்டுப்படுத்தி வைத்தது.

புட்டிகளெல்லாமே சுத்தப் பொய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் ஊசித் துவாரங்களில் அழுக்குப் படிவது உண்டு. அதைக் கரைக்கும் மருந்துகள் நிஜமாகவே இருக்கின்றன. நல்ல பங்க்குகளில் விற்கும் பெட்ரோலிலேயே இவை கொஞ்சம் கலந்துதான் வருகின்றன. அழுக்கடைந்த வண்டியில் இழந்த மைலேஜ் இதனால் திரும்பி வரலாம். சுத்தமாக இருக்கும் வண்டியில் கூடுவதற்கு என்ன இருக்கிறது? ஜலதோஷம் பிடித்தவருக்குத் தைலம் தடவினால் மூச்சு வரும்; சௌக்கியமாக இருப்பவருக்குத் தடவினால் இரண்டு மூக்கு நாலு மூக்காகிவிடுமா?

சமீப காலமாக இந்த வியாபாரத்துக்குப் புதிதாக ஒரு சாக்கும் கிடைத்திருக்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் 2025-ல் எதனால் என்ற சாராயக் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டியது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எதனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கார்களில் இந்தக் கலப்பால் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் வரை குறையலாம் என்றும், 10 சதவிகிதக் கலப்புக்கென்று செய்து 20-க்குச் சரிசெய்த கார்களில் 1 அல்லது 2 சதவிகிதம் குறையலாம் என்றும் நீதி ஆயோக் 2021-லேயே கணக்குச் சொல்லியிருந்தது. "எங்கள் சொட்டு மருந்து அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டும்" என்று இப்போது சிலர் கிளம்பியிருக்கிறார்கள். பாலில் தண்ணீர் கலந்தபின் ஒரு சொட்டு எசன்ஸ் விட்டால் ஏடு படியுமா? டாங்கில் இல்லாத சக்தியை ஐம்பது மில்லி மருந்து எங்கிருந்து கொண்டுவரும்?

"அதெல்லாம் இருக்கட்டும், என் தம்பி ஊற்றினானே, அவனுக்கு மைலேஜ் கூடியதே" என்பீர்கள். கூடியிருக்கும். முந்நூறு ரூபாய் கொடுத்தவன், அதற்குப் பலன் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகவே அந்த வாரம் பூப்போல ஓட்டியிருப்பான். அதே நாளில் சர்வீஸில் டயருக்குக் காற்றடித்திருப்பார்கள், காற்று வடிகட்டியைத் தட்டிப் போட்டிருப்பார்கள். புகழ் மட்டும் புட்டிக்குப் போய்விட்டது.

உங்கள் வண்டியின் உண்மையை நீங்களே கண்டுபிடிக்கலாம். பால் கணக்கைவிடச் சுலபம். ஒரே பங்க்கில், குழாய் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். அதன்மேல் ஒரு சொட்டும் வேண்டாம். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துவிடுங்கள். ஒரு தடவை பார்த்து முடிவுகட்டாமல் நாலைந்து தடவை எழுதி வையுங்கள். ஒன்றுமே மாற்றாமல் இருந்தாலும் எண் ஏறி இறங்குவதைப் பார்ப்பீர்கள். அந்த ஏற்ற இறக்கத்துக்குள்தான் புட்டிக்காரர் குடித்தனம் நடத்துகிறார்.

காசு செலவில்லாத மைலேஜ் ஓட்டுகிறவரின் காலில் இருக்கிறது. சிக்னல் விழுந்ததும் பாய்ந்து, அடுத்த சிக்னலில் பிரேக்கை அழுத்தும் பழக்கத்தால் நகரத்துக்குள் 10 முதல் 40 சதவிகிதம் வரை பெட்ரோல் வீணாகும் என்று நான் முன்பு சொன்ன அதே அமெரிக்கக் குறிப்பு கூறுகிறது. எந்த எண்ணெயும் கனவிலும் காணாத எண் அது! டயர் காற்றின் அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலேயே ஒட்டியிருக்கும். மாதம் ஒரு தரம் பாருங்கள். பள்ளிக்கூடம் ஒரு தரம், கறிகாய் ஒரு தரம், பாங்க் ஒரு தரம் என்று தனித்தனியாகப் போனால் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஆறிய எண்ணெயோடு கிளம்புகிறது. ஒரே சுற்றில் முடித்தால் அந்தச் செலவு மிச்சம்.

ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. காரில் ஊற்றியது போக அரை டப்பா மீந்தது என்று அதைக் கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் ஊற்றிவிடாதீர்கள். அதன் கிளட்ச் பெரும்பாலும் எண்ணெயிலேயே குளித்துக்கொண்டிருப்பது; கார் எண்ணெயில் வழுக்கலுக்காகச் சேர்த்த சரக்கு பட்டால் கிளட்ச் பிடிக்காமல் நழுவும். டப்பாவின் முதுகில் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்குப் பெரும்பாலும் எம்.பி. என்று போட்டது பொருந்தும். கையேட்டில் ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.