சிகாகோவில் நம்ம ஊர் புல்லட்

திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, நம் ராணுவத்துக்கு புல்லட் வண்டி செய்து கொடுக்க ஆரம்பித்ததுதான் அது. 1994-ல் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிப்போன பிறகும் ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் உலகத்தில் செத்துப் போகாமல் இருந்ததென்றால், அது எண்ணூர் நெடுஞ்சாலையில் சைக்கிள் மிதித்து ஷிஃப்டுக்குப் போன நம் ஆட்களின் உழைப்பால்தான்.

அந்த ஐஷர் மோட்டார்ஸ் அமெரிக்காவில், சிகாகோ மத்திய நீதிமன்றத்தில், இணையக் கடைக்காரர்கள் மேல் ஒரு வழக்குப் போட்டது. எங்கள் வணிகக் குறியை அனுமதியில்லாமல் பயன்படுத்துகிறார்கள் என்பது புகார். புகாரில் தப்பில்லை. புதுப்பேட்டையில் சாமான் வாங்கியவர்களுக்குத் தெரியும், 'ஒரிஜினலா, டூப்ளிகேட்டா' என்று கேட்ட பிறகுதான் அங்கே விலை சொல்வார்கள். போலி பிரேக் ஷூவை நம்பி வண்டி ஓட்டுகிறவன் உயிர் என்ன ஆவது?

நான் பேச வந்தது புகாரைப் பற்றி அல்ல, வழக்கு நடத்தும் முறையைப் பற்றி. அமெரிக்காவில் இதற்கு 'அட்டவணை ஏ' வழக்கு என்று பெயர். ஒரே மனு; அதில் பத்துப் பேரோ, நூறு பேரோ, அதற்கு மேலுமோ எதிரிகள். பெயர்களெல்லாம் கடைசியில் ஓர் அட்டவணையில் இருக்கும். அந்த அட்டவணையை ரகசியமாக வைக்கும்படி முதலிலேயே கேட்டுவிடுவார்கள். எதிர்த் தரப்பைக் கூப்பிடாமலே தற்காலிகத் தடை வாங்கி, அமேசான், பேபால் போன்ற இடங்களில் இருக்கும் கடைக்காரரின் பணத்தை முடக்கிவிடுவார்கள். வழக்கு இருப்பதே அவருக்குப் பணம் எடுக்க முடியாத அன்றுதான் தெரியும். அப்புறம் ஒரு மின்னஞ்சல் வரும்: இவ்வளவு கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று. அமெரிக்க வக்கீலுக்கு ஆகும் செலவை நினைத்துப் பெரும்பாலோர் கட்டிவிடுவார்கள். போலிச் சரக்கு விற்றவனும் கட்டுவான், விற்காதவனும் கட்டுவான்.

2025 ஆகஸ்டில், ஐஷர் போட்ட அந்த வழக்கிலேதான், நீதிபதி ஜான் தார்ப் இதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டார். ரகசியமாக வைக்கக் கேட்ட மனுவை ஏற்கவில்லை. இந்த முறையே சட்டத்துக்குப் பொருந்துமா என்று கேட்டு, தன் முன்னால் இருந்த அட்டவணை ஏ வழக்குகள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார். மற்ற நீதிபதிகள் எல்லோரும் அப்படி நினைப்பதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. வாதி நம்மூர்க்காரர் என்பதால் முறை நியாயமாகிவிடாது.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கையாடல் செய்தான் என்று சந்தேகப்பட்ட ஊழியருக்குக்கூட 17(பி) குறிப்பாணை கொடுத்து விளக்கம் கேட்போம். விசாரணை முடியும்வரை 17(இ)-யில் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால், அரைச் சம்பள அளவுக்குப் பிழைப்பூதியம் போட்டாக வேண்டும். அந்த பில்லை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். குற்றம் நிரூபணமாகும்வரை அவன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று நினைத்த ஏற்பாடு அது. இணையத்தில் பை விற்கிறவளுக்குக் குறிப்பாணையும் கிடையாது, பிழைப்பூதியமும் கிடையாது.

பை என்று சும்மா சொல்லவில்லை. வள்ளூரில் எங்கள் தெருவில் ஒரு பெண் துணிப்பை தைத்து வெளிநாட்டுக்கு விற்கிறாள். பையின் மாதிரியைச் சொல்ல எல்லோரும் எழுதும் ஓர் ஆங்கில வார்த்தையை விளம்பரத்தில் எழுதியிருந்தாள். அந்த வார்த்தை எங்களுடையது என்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் புகார் கொடுத்தது. பக்கத்தை எடுத்துவிட்டார்கள்; வர வேண்டிய பணமும் நின்றுபோனது. கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, "தாத்தா, பணம் கட்டிட்டா விட்டுடுவாங்களா? செயினை வச்சிடலாமான்னு பாக்கறேன்" என்றாள்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் 'கோந்த்ரஃபஸோன்' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவன் முத்திரையை அப்படியே குத்திக் கள்ளச் சரக்கு விற்பதற்கும் அதுதான், அடுத்தவன் பதிந்த குறியோடு உரசுவதற்கும் அதுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தும், சிகாகோ அட்டவணையில் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

உரசல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியக்காரர் ஒருவர் கதை உண்டு. ஆட்டுத்தோல் பூட்ஸை அந்த ஊரில் யார் செய்தாலும் 'அக்' என்றுதான் சொல்வார்கள், நாம் வேட்டியை வேட்டி என்பதுபோல. அமெரிக்காவில் அந்தச் சொல் டெக்கர்ஸ் என்ற கம்பெனியின் குறி. அந்தச் சிறு உற்பத்தியாளர் இணையம் வழியாக அமெரிக்காவுக்கு விற்றது 13 ஜோடி. 2019-ல் இதே சிகாகோ நீதிமன்றத்தின் ஜூரி அவருக்கு விதித்தது 4,50,000 டாலர்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கண்ணியமானது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், எதிர்த் தரப்பைக் கேட்காமல் தடை கொடுத்தால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். வாங்கியவர் அன்றைக்கோ மறுநாளோ ஆவணங்களை எதிரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். 1999-ம் வருஷத்து வணிகக் குறிச் சட்டத்தின் 35-வது பிரிவு, சரக்கின் தன்மையை நேர்மையாக விவரிப்பதைத் தடுக்கக் கூடாது என்கிறது. 142-வது பிரிவின்படி, ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுகிறவர் மேல் நாமே வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம். டொயோட்டாவே டெல்லியின் பிரியஸ் என்ற உதிரிபாகக் கம்பெனியிடம் 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. உலகப் புகழ் போதாது, இந்த மண்ணில் அப்போது உனக்குப் பெயர் இருந்ததா என்று கேட்டது நீதிமன்றம்.

சிக்கல் என்னவென்றால், மண்ணுக்கு மண் சட்டம் என்பது நமக்கும் சேர்த்துத்தான். 35-ம் 142-ம் சிகாகோவில் செல்லாது. அமேசானுக்கு எண்ணூரும் சிகாகோவும் ஒன்றுதான். அதனால் பொறுப்பு அந்த இணையச் சந்தைக்காரர்கள் தலையில் விழ வேண்டும் என்பது என் கட்சி. விற்பவளின் மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும் அவர்களிடம் இருக்கிறது, ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. முடக்குவதற்கு முன் பதினைந்து நாள் கொடு. முடக்கினால் புகாருக்குள்ளான அந்த ஒரு சரக்கின் பணத்தை மட்டும் முடக்கு. ஐஷர் மாதிரி கம்பெனிகளும் பட்டியல் போடுமுன் கள்ளன் யார், சில்லறைக் கடைக்காரி யார் என்று பிரித்துப் பார்க்கலாம். அவர்களிடம் அதற்கு ஆள் இல்லாமலா?

அந்தப் பெண்ணிடம் செயினை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். கடிதத்தில் வழக்கு எண்ணே இல்லை, வெறும் மிரட்டல்தான். வார்த்தை பையின் மாதிரியைச் சொல்வது, பெயர் அல்ல என்று விளக்கி, துணி வாங்கிய ரசீது, தைக்கும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து இணையச் சந்தைக்காரருக்கு பதில் எழுதினோம். அவள் கடைப் பெயரைப் பதிய கிண்டி அலுவலகத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பம் போட்டாயிற்று. சிறு வியாபாரிக்கு ஒரு வகைச் சரக்குக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பணம் இன்னும் விடுபடவில்லை. இந்த வாரம் இரண்டாவது நினைவூட்டல் அனுப்புகிறோம்.