பூகோளம் கற்பிக்கும் முறை

உலகப்படத்தைச் சுவரில் தொங்கவிட்டு, ஒரு கோலால் ஆங்காங்குச் சுட்டி, 'இஃது ஆப்பிரிக்கா, இது நைல் ஆறு' என்று கூறிச் செல்லுதலே பூகோளம் கற்பித்தல் என நம் நாட்டில் நெடுங்காலமாக எண்ணப்பட்டு வருகிறது. மாணாக்கரும் அவற்றை மனனஞ் செய்து, தேர்வில் எழுதித் தேறி, அடுத்த திங்களில் மறந்துவிடுகின்றனர். நைல் ஆறு தோன்றும் இடத்தைப் பிழையின்றிக் கூறும் பிள்ளையை, 'உன் வீட்டுக் கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது?' என்று வினவினால் விழிக்கின்றது. இது பிள்ளையின் குற்றமன்று. கற்பிக்கும் முறையின் குற்றமேயாம். பூகோளக் கல்வி உலகப்படத்தினின்றும் அன்று, ஊர்நிலத்தினின்றும் தொடங்கவேண்டும் என்பதே நம் கருத்து. அதனைச் சவ்வாது மலையடிவாரத்துக் கணியம்பாடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

தமிழில் இக்கல்வி நேற்றுத் தோன்றியதன்று. 1832ஆம் ஆண்டிலேயே இரேனியுஸ் ஐயர் 'பூமி சாஸ்திரம்' என்னும் நூலைத் தமிழில் எழுதி வெளியிட்டனர். அன்று தொட்டு நூல்கள் பெருகின. படங்கள் வண்ணம் பெற்றன. ஆயினும், இன்று பத்தாம் வகுப்பு வரையில் இப்பாடம் சமூக அறிவியல் என்னும் ஒன்றனுள் வரலாறு, குடிமையியல், பொருளியல் ஆகியவற்றோடு ஒரு பகுதியாய் ஒதுங்கி நிற்கின்றது. ஒரு பகுதியாய் நிற்பதொன்றை விரைந்து முடித்துவிடுதல் ஆசிரியர்க்கு இயல்பாகின்றது.

கணியம்பாடி வேலூரினின்று ஆரணி செல்லும் சாலையில் உள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய சவ்வாது மலை அண்மையில் நிற்கின்றது. இத்தகைய ஊரில் பள்ளி வாயிலைக் கடந்தால் பாடநூல் விரிந்து கிடக்கின்றது. ஐந்து பாடங்களை மட்டும் இங்குக் கூறுவாம்.

முதற்பாடம் கல். இப்பக்கத்துப் பாறைகளுட் சிறந்தது சார்னோக்கைட்டு என்னும் கருங்கல்லினமாம். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பாரின் கல்லறையில் இட்ட கல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துக் கல் என்று கண்டு, தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியலார் 1893இல் அவ்வினத்திற்குச் சார்னக்கின் பெயரையே இட்டனர். இக்கதையைக் கேட்ட பிள்ளைகள் கல்லைப் புதுக்கண்கொண்டு நோக்குவர். அதன்பின் ஒரு கருங்கற்றுண்டையும் ஒரு செங்கல்லையும் நிறுத்து, ஓரிரவு நீரிலிட்டு, மறுநாள் மீண்டும் நிறுக்கச் செய்க. செங்கல் நீருண்டு எடை மிகும்; கருங்கல்லோ பெரும்பாலும் வேறுபடாது. நம் அடிநிலப் பாறை நீரைத் தன்னுள் வாங்குவதன்று என்பதும், அதன் மேலுள்ள மக்கிய படிவிலும் பாறையின் வெடிப்புகளிலுமே நீர் தங்கும் என்பதும் இதனாற் புலனாம். ஆழ்துளைக் கிணற்றை எத்துணை ஆழமாக இறக்கினும் வெடிப்பு இல்லையெனின் நீர் இல்லை. இவ்வொன்றனை அறியாமையால் கடன்பட்ட குடும்பங்கள் நம் நாட்டுச் சிற்றூர்களில் உள.

இரண்டாம் பாடம் மழை. நேரான பக்கமுடைய ஒரு கண்ணாடிக் குவளையும் ஓர் அளவுகோலும் இதற்குப் போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்யின், அது 1 லிட்டர் நீராம். பள்ளிக் கூரை 200 சதுர மீட்டர் எனவும், ஒரு மாலை பெய்த மழை 25 மில்லிமீட்டர் எனவும் கொண்டால், அக்கூரையில் மட்டும் 5,000 லிட்டர் விழுந்ததாம். அந்நீர் எங்குச் சென்றது என்று பிள்ளைகளே தேடிக் காண்பாராக. தென்மேற்குப் பருவத்தும் வடகிழக்குப் பருவத்தும் நாடோறும் குறித்து வரின், பருவக்காற்று என்பது நூலிற் கண்ட சொல்லாக நில்லாது, கண்ட பொருளாகும்.

மூன்றாம் பாடம் கிணறு. ஒரு முழத்திற்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றினால், திங்கட்கு ஒருமுறை, பள்ளிக்கு அணித்தான கிணற்றின் நீர்மட்டத்தை அளக்க. ஆசிரியர் கயிறு விடுக. பிள்ளைகள் முடிச்சினை எண்ணிக் கட்டத்தாளிற் குறிக்க. மழைக்கோட்டையும் கிணற்றுக்கோட்டையும் அருகருகே வைத்து நோக்கின், மழை நின்ற எத்தனை நாளில் கிணறு ஏறுகிறது, எத்திங்களில் இறங்குகிறது என்பன விளங்கும்.

நான்காம் பாடம் ஊர்ப்படம். 1802ஆம் ஆண்டு ஏப்பிரலில் லாம்ப்டன் என்பார் பரங்கிமலைக்கருகே ஓர் அடிக்கோட்டினை அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெருநிலம் முழுதும் அளக்கப்பட்ட வேலைக்கு அதுவே தொடக்கம். அவர் செய்ததனைப் பிள்ளைகள் தம் அடியால் எண்ணிச் சிறிய அளவிற் செய்யலாம். ஏரி, மதகு, கால்வாய், கிணறு, மேடு, பள்ளம் ஆகியவற்றைக் குறித்து, நீர் ஓடும் திசைக்கு அம்புக்குறியிடுக. முதியோரை வினவி, தூர்ந்துபோன கால்வாய்களையும் புள்ளிக்கோட்டாற் காட்டுக.

ஐந்தாம் பாடம் நிழல். வெளியில் நேராக நட்ட ஒரு கோலின் நண்பகல் நிழலை நாடோறும் அளந்து வரின், ஏப்பிரல் இறுதி வாரத்தில் ஒருநாளும், ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் ஒருநாளும் நிழல் கோலடியில் ஒடுங்கிவிடுதலைக் காணலாம். ஏனைய ஒருநாளில், கன்னியாகுமரியிலுள்ள ஒரு பள்ளியாரும் தம் கோலின் மிகக் குறுகிய நிழலை அளந்து கடிதம் விடுப்பாராயின், இரண்டிடத்துக் கதிர்க்கோணங்களும் ஏறத்தாழ 4¾ பாகை வேறுபடும். இரண்டிடத்திற்கும் வடக்குத் தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 520 கிலோமீட்டர். 360 பாகைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் பூமியின் சுற்றளவாகிய 40,000 கிலோமீட்டருக்கு அணித்தாக விடை வரும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டாஸ்தனிஸ் எகிப்தில் செய்ததும் இதுவே. ஊரினின்று தொடங்கினாலும் உலகத்தை அடையலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

'பாடம் முடிக்கவே பொழுதில்லை. இவற்றிற்குப் பொழுது ஏது?' என்பார் உளர். கூறிய ஐந்தனுள் நான்கு பள்ளி எல்லைக்குள்ளும் அதன் அருகிலும் நிகழ்வன. இரு வாரத்திற்கு ஒரு மணிநேரமே கொள்வன. தேர்வில் மதிப்பெண் இல்லாததைப் பிள்ளைகள் மதியார் என்பது மெய்யே. ஆதலின், களக்குறிப்பு ஏட்டிற்கும் மதிப்பெண் தரவேண்டும் என்கின்றோம்.

'தமிழ் பயில்வோர்க்கு இதனில் என்ன உரிமை?' என்று வினவுவாரும் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தவர் தொல்காப்பியனார் அல்லரோ? சவ்வாது மலைக்குத் தெற்கேயுள்ள செங்கம், பண்டைச் செங்கண்மா ஆகும். அதன் தலைவன் நன்னனைப் பாடிய மலைபடுகடாம், 583 அடிகளில், கூத்தர்க்கு வழியும், விளைவும், வழுக்குப் பாறையும், சேயாற்றின் போக்கும் கூறி ஆற்றுப்படுத்துகின்றது. நிலத்தை நடந்து கண்டு பாடிய புலவரின் வழியினரான நாம், நிலத்தைக் காணாமலே அந்நூற்கு உரை படிக்கின்றோம். நம் ஆண்டவரும் வழியோரம், கற்பாறை, முள்நிலம், நன்னிலம் என நால்வகை நிலத்தைக் காட்டியன்றோ விதைப்பவன் உவமையைக் கூறினார்? கேட்டோர் அந்நிலங்களைக் கண்ணாற் கண்டறிந்தவராதலின் பொருள் எளிதில் விளங்கிற்று.

இக்கல்வியால் ஆவது என்னவெனின், நாகநதியே விடை கூறும். வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடிய அவ்வாறு பல்லாண்டு வறண்டு கிடந்தது. பெண்டிர் பலர் கூடிக் கால்வாய் வெட்டி, தடுப்பணையும் நீர்செறிவுக் கிணறும் அமைத்து அதனை உயிர்ப்பித்தனர். 2021 செப்டம்பரில் இந்தியத் தலைமை அமைச்சர் தம் வானொலி உரையில் அதனை எடுத்துப் பாராட்டினார். மண்வெட்டியும் கூடையும் ஏந்திய அத்தாய்மார் செய்தது பூகோளமே. அவர் மக்கள் பள்ளியில் அதனைக் கல்லாராயின், அவ்வணைகள் தூர்ந்தபோது ஏன் தூர்வார வேண்டும் என்பதை யார் அறிவார்? கிராம சபையில் மணலும் ஏரியும் கிணறும் பேசப்படும்போது, தெரிந்து வாக்குரைப்போர் யாவர்?

ஆதலின், நம் கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பம். அறிவியல் மாணவர் இருவர், தமிழ் மாணவர் ஒருவர் எனச் சிறுகுழு அமைத்து, திங்களில் இரண்டு சனிக்கிழமை கணியம்பாடிப் பக்கத்துப் பள்ளிகட்குச் செல்ல இசைவளிக்க வேண்டும். முன்னவர் அளக்கக் கற்பிப்பர். பின்னவர் அளந்ததைப் பிழையற எழுதக் கற்பிப்பர். ஓராண்டில் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைக்கணக்கு, ஒரு கிணற்றுக்கணக்கு, ஓர் ஊர்ப்படம் எஞ்சும். வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் இதற்கு ஆவன செய்வார்களாக.