மணிக்கு அரிப்பு... எனக்கு ஆப்பு!

இந்த வாரம் கல்ச்சுரல்ஸ் கலாட்டா எழுதுறதா சொல்லியிருந்தேன். ஸாரி, அது அடுத்த வாரம். இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் சீரியஸ். என் அவசரத்தால் ஒரு உசுரு போகப் பார்த்தது.

எங்கள் வீடு திண்டுக்கல் டவுனைத் தாண்டி, சிறுமலை கண்ணுக்குத் தெரிகிற பக்கம். வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய், பொம்மி என்று ஒரு பூனை. சண்டையெல்லாம் கிடையாது. ரெண்டுக்கும் மாடிப்படிக்குக் கீழே ஒரே கோணிச்சாக்குதான் பெட்ரூம்!

ஐப்பசி மழை விட்டதும் மணி ராத்திரி பூரா சொறிய ஆரம்பித்தான். "உண்ணியா இருக்கும்டா" என்றார் அப்பா. அப்பத்தா முடியை விலக்கிப் பார்த்து, "உண்ணின்னா ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். இது தத்துது பாரு, தெள்ளுப்பூச்சி" என்று ரிசல்ட் சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கல் படிக்கிற பையன் சும்மா இருப்பேனா? ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். நாலே நாளில் திரும்ப சொறி. மறுபடி குளியல்... மறுபடி சொறி. கடுப்பாகி, பிடரியில் சொட்டு விடுகிற நாய் மருந்து ஒன்றை வாங்கி மணிக்கு விட்டேன். டியூபில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரே சாக்கு, ஒரே பூச்சி, அப்போ ஒரே மருந்துதானே? மிச்சத்தை பொம்மிக்கு விட்டேன். அங்கேதான் பாஸ் ஆப்பு!

அன்றைக்கு ராத்திரியே பொம்மிக்குக் காது துடித்தது, கால் நடுங்கியது, வாயில் எச்சில் ஒழுகியது. காய்கறிக் கூடையில் வைத்து பைக்கில் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் மேடம் கேட்ட முதல் கேள்வியே, "நாய்க்கு வாங்குன மருந்தா தம்பி?"

அதில் இருந்தது பெர்மெத்ரின். நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது, நரம்பைப் பிடித்துவிடும். டியூப் அட்டையில் 'பூனைக்குப் போடக் கூடாது' என்று பொடி எழுத்தில் இருந்தது. பரீட்சையில் கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதுகிற அதே வியாதி எனக்கு! வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுக்கத்துக்கு ஊசி போட்டு, ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றியதும் பொம்மி பிழைத்தாள்.

"மருந்து தப்புங்கிறது ஒரு பக்கம். நீ பூச்சியைத் தேடுன இடமே தப்பு தம்பி" என்றார் மேடம். அப்புறம் அவர் சொன்ன கணக்கில் எனக்குத் தலை சுற்றியது.

பிராணி மேல் நாம் பார்க்கிற பூச்சி மொத்தத்தில் 5 சதவீதம்தானாம்! தோராயமாகப் பாதி முட்டை, மூன்றில் ஒரு பங்கு புழு, பத்தில் ஒரு பங்கு கூட்டுப்புழு. எல்லாம் சாக்கிலும், படிக்கட்டு இடுக்கிலும், நிழல் மண்ணிலும்தான். ஒரு பெண் பூச்சி தினம் 40, 50 முட்டை வரை போடும். முட்டை முடியில் ஒட்டாது, உதிர்ந்துவிடும். கூட்டுப்புழு மாசக்கணக்கில் சாப்பாடே இல்லாமல் காத்திருக்கும். நம்ம காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால், உடனே வெளியே வந்து ஒரே தத்து! லீவு முடிந்து பூட்டின வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் கடி விழுவது இதனால்தான்.

அந்தத் தத்தல் நம்ம சப்ஜெக்ட் மக்கா! ரெசிலின் என்ற ரப்பர் மாதிரிப் புரதத்தை அமுக்கி, ஸ்பிரிங் மாதிரி விடுவிக்கிறது. கிட்டத்தட்ட உடம்பைப் போல நூறு மடங்கு தூரம் போய் விழும்!

"பூச்சிதானே" என்று விடவும் முடியாது. சொறியும்போது மணி பூச்சியைக் கடித்து விழுங்கினால், வயிற்றில் நாடாப்புழு வரும். குட்டிகளுக்கு ரத்தமே குறைந்துவிடும். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கே, அந்த பிளேக்கைப் பரப்பியதும் எலியின் தெள்ளுப்பூச்சிதான். அதை 1898-ல் கராச்சியில் கண்டுபிடித்தவர் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர். நம்ம மணி மேல் இருப்பது வேறு ஜாதி என்பது ஒரு ஆறுதல்.

சரி, என்ன பண்ணணும்?

* பேன் சீப்பால் வாரி, விழுகிற கறுப்புப் பொடியை ஈர வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாக ஊறினால் தெள்ளுப்பூச்சி கன்ஃபர்ம். அது ஜீரணமான ரத்தம்!

* படுக்கைத் துணியை வாரம் ஒரு தடவை வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போடுங்கள். புழுவுக்கு வெயில் ஆகாது. நம்ம திண்டுக்கல் வெயில் ஃப்ரீ மருந்து!

* தினமும் இண்டு இடுக்கெல்லாம் கூட்டி, குப்பையை சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள்.

* வீட்டிலுள்ள எல்லா பிராணிக்கும் ஒரே நாளில் வைத்தியம். ஆனால் நாய்க்கு நாய் மருந்து, பூனைக்குப் பூனை மருந்து, அதுவும் எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவு. குட்டிகளுக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம், சீப்பு போதும்.

* மண்ணெண்ணெய், பினாயில், அந்துருண்டை... மூச்! எல்லாமே விஷம்.

* சொறி நின்றதும் நிறுத்தக் கூடாது. கூட்டுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்து தீர மூணு மாசமாவது தொடரணும்.

நான் பழைய சாக்கைக் கொளுத்திவிட்டேன். இப்போ ரெண்டு பேருக்கும் துவைக்கிற மாதிரி பழைய பெட்ஷீட். ஞாயிற்றுக்கிழமை அதைத் துவைப்பது என் டியூட்டி. மணி நிம்மதியாகத் தூங்குகிறான். பொம்மி மட்டும் என் கையில் எந்த டியூபைப் பார்த்தாலும் பரண் மேல் ஏறிவிடுகிறாள். நேற்று நான் எடுத்தது டூத்பேஸ்ட்!

வர்ட்டா..?