'ஓசி பஸ்' ஜோக்கும் செவ்வாப்பேட்டை ரயிலும்: பெண்கள் வேலைக்குப் போவதில் என்ன சிரிப்பு?

'ஓசி' என்ற சொல் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் அலுவலகத் தபாலுக்குக் கட்டணம் கிடையாதாம். 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று முத்திரை குத்தினால் போதும். அந்த ஓ.சி.தான் நம்ம ஊர் ஓசி ஆனது என்பார்கள். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கம்பெனி வேலையாகப் போவதுதான் ஓசி! காலையில் டிபன் பாக்ஸும் கழுத்தில் ஐடி கார்டுமாக அம்பத்தூர் பக்கமும் காக்களூர் பக்கமும் கிளம்பும் பெண்களும் கம்பெனி வேலையாகத்தானே போகிறார்கள்? அவர்களைப் பார்த்துத்தான் இன்றைக்கு அந்தச் சொல் வீசப்படுகிறது.

முதலில் திட்டம் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2021 மே 7 அன்று முதல்வராகப் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் அன்றே கையெழுத்திட்ட ஐந்து உத்தரவுகளில் ஒன்று, சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். பிறகு 'விடியல் பயணம்' என்று பெயர் வைத்தார்கள். இதற்காக 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை 3,600 கோடி ரூபாய். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வைக் காட்டி அரசு சொன்னது.

திட்டத்தைக் கொண்டுவந்த ஆட்சியின் அமைச்சரே அதைக் கொச்சைப்படுத்தினார். 2022 செப்டம்பரில், அப்போது உயர்கல்வித் துறை அமைச்சராக இருந்த க.பொன்முடி மேடையில் பெண்களைப் பார்த்து, பஸ்ஸில் 'ஓசி'யில்தானே போகிறீர்கள் என்கிற மாதிரி பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் வருத்தம் தெரிவித்தார். (அதே பொன்முடி 2025 ஏப்ரலில் பெண்களைப் பற்றி இன்னும் மோசமாகப் பேசி, கட்சிப் பதவியையும் பிறகு அமைச்சர் பதவியையும் இழந்தது தனிக்கதை.) எதிர்க்கட்சி மட்டும் யோக்கியமா? அதிமுக எம்.பி. சி.வி.சண்முகம் 2025 அக்டோபரில் இலவசத் திட்டங்களைக் கிண்டல் செய்யப்போய், மனைவியைக்கூட இலவசமாகத் தருவார்கள் என்ற பொருளில் பேசினார். கட்சிதான் வேறே தவிர, சிரிப்பு ஒன்றுதான்.

அரசாணைகளில் வரும் சொற்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் எல்லாமே 'இலவசம்'. 2011-க்குப் பிறகு ஜெயலலிதா அதை 'விலையில்லா' என்று மாற்றினார். பஸ்ஸுக்கு வந்தபோது 'கட்டணமில்லா'. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது திட்டத்தின் பெயரிலேயே 'உரிமை' வந்துவிட்டது: கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. காகிதத்தில் சொல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மைக்கைப் பிடித்தால்தான் பழைய புத்தி எட்டிப் பார்க்கிறது.

சொல்லில் என்ன இருக்கு என்று கேட்கலாம். இருக்கு. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலுக்கு ஆளாகி உயிரிழந்த பிறகு தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரே 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம். டீசிங் என்றால் கேலி, சும்மா ஒரு விளையாட்டு. 2002-ல் அந்தப் பெயரை மாற்றி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று ஆக்கினார்கள். குற்றத்துக்குச் செல்லப்பெயர் வைத்திருந்தோம் என்பது புரிய நாலு வருஷம் ஆனது.

சினிமாவுக்கு இன்னும் புரியவில்லை. தமிழ்ப் படத்தில் ஒரு பெண் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறினால் என்ன நடக்கும்? பின்னாடியே ஹீரோ ஏறுவார். அவள் எங்கே வேலை பார்க்கிறாள், எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்பதெல்லாம் அவர் பின்தொடர்வதற்கான தகவல்கள் மட்டுமே. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குப் போக ரயிலுக்காகக் காத்திருந்த ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். பின்தொடர்வதைக் காதல் என்று காட்டும் படங்களைப் பற்றி அப்போது பெரிய விவாதம் நடந்தது. நாலே மாதத்தில், அக்டோபரில், 'ரெமோ' வந்தது. பின்தொடரும் ஹீரோ என்ற விமர்சனம் எழுந்தது, படமும் ஓடியது. 2019-ல் 'பிகில்' வந்தபின் மகளிர் தின போஸ்டர் எல்லாவற்றிலும் 'சிங்கப்பெண்' ஏறிக்கொண்டாள். மார்ச் 8-க்கு சிங்கப்பெண், மார்ச் 9 காலையில் அதே பெண் பஸ் ஏறினால் ஓசி.

இந்தக் கிண்டல் பஸ்ஸோடு தொடங்கியது இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தெருவில் அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. கற்றவர்கள் குவாரிக்கும் வயலுக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். ஒரு பெண் தானாக நகர்ந்து போவது ஏன் இவ்வளவு பேரை உறுத்துகிறது? அவள் போகும் நேரத்தையும் இடத்தையும் வீட்டில் உள்ளவர்கள் முடிவு செய்ய முடியாமல் போகிறதே, அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பஸ் காசுக்குக் கணவரிடமோ அப்பாவிடமோ கை நீட்டும்போது 'எங்கே போறே, எதுக்குப் போறே' என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். 888 ரூபாயில் அந்தக் கேள்வியும் அடக்கம்.

சரி, செவ்வாப்பேட்டைக்கு வருவோம். சென்னை சென்ட்ரல் - அரக்கோணம் தடத்தில் வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவில் 'செவ்வாப்பேட்டை ரோடு' ஸ்டேஷன். ஒரு பக்கம் திருவள்ளூரை ஒட்டி காக்களூர் தொழிற்பேட்டை, மறுபக்கம் ஆவடி தாண்டினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. கும்மிடிப்பூண்டி சிப்காட் இதே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வேறு தடத்துக்கு மாற வேண்டும். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் நாலு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அந்தப் பெருமை இந்த மாதிரி ஸ்டேஷன்களின் நடைமேடைகளில்தான் நிற்கிறது.

இங்கேதான் சிக்கல். ரயில் மத்திய அரசு, பஸ் மாநில அரசு. விடியல் பயணம் ரயிலுக்குக் கிடையாது, எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் பஸ்ஸுக்கும் கிடையாது. நேரம் தப்பக்கூடாது என்று ரயிலை நம்பும் பெண் சீசன் டிக்கெட் எடுத்துத்தான் போகிறார். 'ஓசி' என்று சிரிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

இரவு ஷிப்ட் என்றால் கதை இன்னும் கஷ்டம். 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை ஆலைகளில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று இருந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் கதவைச் சாத்திய அந்தப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. ஆனால் சும்மா திறந்துவிடவில்லை. போக்குவரத்து வசதி உட்படப் பல நிபந்தனைகளை முதலாளிகளுக்கு விதித்தது. அதாவது போய்வரும் வண்டி யாரோ போடும் பிச்சையல்ல, வேலை நிபந்தனையின் ஒரு பகுதி. நடைமுறையில் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீட்டுக்கு? தெருவிளக்கு எரிந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் செல்போன் டார்ச்.

'ஆம்பளைங்க மட்டும் காசு கொடுக்கணுமா? கூலி வேலைக்குப் போறவனும் கஷ்டப்படுறான்தானே' என்ற கேள்வியை நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. நியாயமான கேள்வி. குறைந்த சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் பயணச் செலவைக் குறையுங்கள் என்று சேர்ந்து கேட்டால் நானும் வருகிறேன். ஆனால் அந்தக் கேள்வி மேம்பாலம் கட்டும்போது வருவதே இல்லையே? மக்கள் பணத்தில் போட்ட பாலத்தில் காரில் சர்ரென்று போகிறவரை யாரும் ஓசி என்று சொன்னதாக நினைவில்லை. இன்னொன்று, பஸ் இலவசமானதால் ஒரு பெண் வேலைக்கு வர முடிகிறது என்றால் அதில் முதல் லாபம் அவரை வேலைக்கு வைத்த நிறுவனத்துக்கு. அங்கேயும் யாரும் சிரிப்பதில்லை.

2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். தொழில்நுட்பம் சேர்ந்துவிட்டது, சலுகைதான் இன்னும் பஸ் படிக்கட்டிலேயே நிற்கிறது. பெண்கள் பயணத்துக்கான தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மாநில அரசு ஈடுகட்டுகிற மாதிரி, புறநகர் ரயில் சீசன் டிக்கெட்டில் ஒரு பகுதியை ரயில்வேக்கு ஏன் ஈடுகட்டக் கூடாது? கம்பெனி பஸ் எங்கே இறக்கிவிட வேண்டும் என்பதைத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் ஏன் கேட்கக் கூடாது? ஓட்டுக் கேட்டு திருவள்ளூர் பக்கம் வரும் வேட்பாளர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், மைக்கைப் பிடிக்கும் முன்னால் ஒரு நாள் சாயங்காலம் ஷிப்ட் முடியும் நேரத்தில் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் இறங்கி மெயின் ரோடு வரை நடந்து பார்க்கலாம். பிளாட்பாரம் டிக்கெட் மட்டும் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும்.