பாதிப் படியில் நிறுத்தாதீர்கள்!

திருத்தணி மலைக் கோவிலுக்கு 365 படிகள். ஆண்டுக்கு 365 நாள். நாளுக்கு ஒரு படி என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள்.

பாதிப் படி ஏறியவன் திரும்பி விட்டால் என்ன ஆகும்? ஏறிய களைப்புதான் மிச்சம். மேலே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமலே போய் விடும்.

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லை ஓரத்தில் இருக்கிறது பள்ளிப்பட்டு. 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, திருத்தணிப் பகுதியோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்த ஊர். தமிழும் தெலுங்கும் சேர்ந்து ஒலிக்கும் ஊர். நெசவும் விவசாயமும் அங்கே பிழைப்பு.

அந்த ஊர்ப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள், தாண்டுகிறார்கள். பள்ளிக்கூட விழாவில் பரிசு வாங்குகிறார்கள். வீட்டிலே எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

பிறகு பத்தாம் வகுப்பு வருகிறது. "ஓடியது போதும். புத்தகத்தை எடு" என்கிறார் அப்பா. பெண் பிள்ளை என்றால் அதற்கும் முன்பே தடை விழுகிறது. "வயதுக்கு வந்த பெண் மைதானத்தில் ஓடுவதா?" என்கிறாள் பாட்டி.

ஓட்டம் நின்று விடுகிறது. அப்போது பிள்ளைக்கு வயது 15.

இது பள்ளிப்பட்டில் மட்டும் நடப்பது அல்ல. எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

கதவு திறக்கும் வயது

இளைஞர்களுக்கு என்றே ஓர் உலகத் தடகளப் போட்டி இருக்கிறது. முதல் போட்டி 1986-ம் ஆண்டு கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ் நகரில் நடந்தது. இதில் யார் ஓடலாம்? போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31-ந் தேதி அன்று 16 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் ஓடலாம். 20 ஆகி விட்டால் இடம் இல்லை.

கவனியுங்கள். உலகம் கதவைத் திறப்பது 16 வயதில். வீட்டிலே கதவைச் சாத்துவது 15 வயதில்!

சாத்தாத வீடுகளில் என்ன நடந்தது?

2022-ம் ஆண்டு இந்தப் போட்டி கொலம்பியா நாட்டின் காலி நகரில் நடந்தது. மதுரைப் பக்கத்து இளைஞர் செல்வ பிரபு அங்கே போனார். மும்முறை தாண்டுதலில் 16.15 மீட்டர் தாண்டினார். வெள்ளிப் பதக்கம் பெற்றார். மூன்றாவதாக வந்தவர் தாண்டியது 16.13 மீட்டர். வித்தியாசம் 2 சென்டிமீட்டர்தான்!

அதே ஊரில் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் நடந்தது. பிரிட்டனைச் சேர்ந்த யெமி மேரி ஜான் முதலாவதாக வந்தார். அவர் ஓடிய நேரம் 51.50 வினாடி. மூன்றாவதாக வந்தவர் இந்தியாவின் ரூபல் சவுத்ரி. அவர் ஓடிய நேரம் 51.85 வினாடி.

யெமி ஓடியது ஓட்டப் பந்தயச் சங்கங்கள் நிறைந்த நாட்டிலிருந்து வந்து. அங்கே மாலையானால் பிள்ளைகள் சங்கத்துக்குப் போய்ப் பயிற்சி செய்வது வழக்கம். ரூபல் உத்தரப் பிரதேசத்தில், மீரட் மாவட்டத்து விவசாயி மகள். இருவருக்கும் இடையே அரை வினாடி கூட இல்லை. கண்ணை ஒரு முறை மூடித் திறக்கும் நேரம்!

ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் தொடர் ஓட்டத்திலும் ரூபல் ஓடினார். தமிழ்நாட்டின் பரத் ஸ்ரீதரும் ஓடினார். பிரியா மோகனும் கபிலும் உடன் ஓடினார்கள். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

ஒரு சென்டிமீட்டர்

அதற்கு முந்தைய ஆண்டு, 2021. கென்யா நாட்டின் நைரோபி நகரம். நீளம் தாண்டுதலில் ஷைலி சிங் என்ற பெண் 6.59 மீட்டர் தாண்டினாள். வயது 17. சொந்த ஊர் ஜான்சி. தாய் தையல் வேலை செய்து மகளை வளர்த்தவர்.

சுவீடன் நாட்டுப் பெண் 6.60 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றாள். ஷைலிக்கு வெள்ளி. வித்தியாசம் ஒரே சென்டிமீட்டர். சுண்டு விரல் நகத்தின் அகலம்!

இந்த ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து வருகிறது? ஒரே நாளில் வருவது இல்லை. நாள் தவறாத பயிற்சியில் வருகிறது. வயிறு நிறைந்த சாப்பாட்டில் வருகிறது. இரவில் நல்ல தூக்கத்தில் வருகிறது. நடுவில் இரண்டு ஆண்டு நிறுத்தி விட்டு, "கல்லூரிக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்றால், கால் பழக்கத்தை மறந்து விடும். வயதும் கடந்து விடும்.

படிப்பு கெடாதா?

பெற்றோருக்கு இந்தக் கவலை நியாயமானதுதான். தறியிலும் வயலிலும் பாடுபட்டுப் படிக்க வைக்கிறவர்களுக்குப் பயம் இருக்காதா?

ஆனால் காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிற பிள்ளை, மீதி நேரத்தில் படிக்கலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாணவ-மாணவிகளுக்கு விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. அங்கே தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் உண்டு. பள்ளிக்கூடப் படிப்பும் நடக்கிறது. பெரிய போட்டிகளில் வென்றவர்களுக்குக் கல்லூரியிலும் அரசு வேலையிலும் தனி ஒதுக்கீடு இருக்கிறது.

வழியும் தெரிந்த வழிதான். முதலில் பள்ளிக்கூடம். பிறகு குறுவட்டப் போட்டி. அதன்பின் வருவாய் மாவட்டம். அதற்கு மேல் மாநிலம். இதுவும் படிக்கட்டுதான்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு சொல். விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். அந்தக் கடன் திரும்பி வருவதே இல்லை.

ஓடுகிற எல்லோருக்கும் உலகப் பதக்கம் கிடைக்குமா? கிடைக்காது. நூறு பேர் ஓடினால் ஒருவர் மாவட்டத்தைத் தாண்டலாம். மற்ற 99 பேருக்கும் உடல் வலிமை மிஞ்சும். தோற்றாலும் மறுநாள் எழுந்து ஓடும் துணிவு மிஞ்சும். அது வாழ்நாள் முழுவதும் உதவும்.

அந்த ஒருவர் யார் என்று 15 வயதில் யாருக்கும் தெரியாது. பள்ளிப்பட்டு நெசவாளியின் மகளாகவும் இருக்கலாம்.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளை படி ஏறிக் கொண்டு இருக்கிறது. கூடவே ஏற முடியாவிட்டாலும் பரவாயில்லை. பாதிப் படியில் கையைப் பிடித்துக் கீழே இழுக்காதீர்கள்!