கதவு திறந்தது, கரம் நீண்டதா?

ஒன்பது வீடியோ நாடாக்கள்! மொத்த விலை ஏறத்தாழ 150 டாலர். அவற்றைத் திருடியவனுக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? ஐம்பது ஆண்டுகள் கழிந்த பிறகே விடுதலை கோரக்கூடிய ஆயுள் சிறை!

கதையல்ல இது, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் நடந்தது. இருமுறை கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் மூன்றாம் முறை சிக்கினால், அது சில்லறைத் திருட்டேயாயினும், 25 ஆண்டு முதல் ஆயுள் வரை உள்ளே தள்ளலாம் என்றது 1994-இல் அங்கு வந்த சட்டம். நாடாத் திருட்டுக்கான தண்டனை செல்லும் என்று 2003-இல் உச்சநீதிமன்றமும் கூறிற்று — ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம்!

சட்டத்துக்கு வாக்களித்த மக்களே 2012-இல் மீண்டும் வாக்களித்து அதைத் திருத்தினர். 2,000-க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தனர். அப்படி வந்தவர்களுள் சிலரைப் பின்தொடர்ந்து எடுக்கப்பட்டதுதான் 2016-இல் வெளிவந்த ‘தி ரிடர்ன்’ என்ற ஆவணப்படம்.

சிறைக்கதவு திறந்ததும் கதை முடிந்துவிடவில்லை; அங்கேதான் தொடங்குகிறது! வேலை தேட வேண்டும். பிரிந்திருந்த மனைவி மக்களோடு மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். எப்போது எழுவது, எப்போது உண்பது என்பதையெல்லாம் பல்லாண்டுகள் பிறர் தீர்மானிக்க வாழ்ந்தவன், ஒரே நாளில் எல்லாவற்றையும் தானே தீர்மானிக்க வேண்டும். கலிபோர்னியாவில் சிறைவாயிலில் தரப்படும் பணம் எவ்வளவு? அதிகபட்சம் 200 டாலர்! அதை வைத்து வீடு பிடிப்பதா, வயிற்றைக் கழுவுவதா?

“திருடனுக்குப் பரிந்து பேசுவதா?” என்று கேட்போர் உண்டு. பொருளைப் பறிகொடுத்தவரின் கண்ணீரை நாம் மறக்கவில்லை. குற்றத்துக்குத் தண்டனை வேண்டாம் என்றும் கூறவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: தண்டனைக்கு ஒரு முடிவு உண்டா, இல்லையா? நீதிபதி விதித்த காலம் முடிந்த பின்னும் வீட்டுக்காரரும் முதலாளியும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினால், அது என்ன நீதி? உழைக்க வழியில்லாதவனை “ஒழுங்காக வாழ்” என்பது, கையைக் கட்டிவிட்டு “நீந்திக் கரை சேர்” என்பதல்லவா?

வேலை தருவதாக முதலில் உறுதி கூறாமல், பழைய தண்டனை பற்றிக் கேட்கக் கூடாது என்று ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்போருக்கு 2018 முதல் கலிபோர்னியா விதி வகுத்திருக்கிறது. நல்ல தொடக்கம்! ஆனால் வாய் கேட்காததை மனம் கேட்டுக்கொண்டே இருந்தால், விதி ஏட்டில்தான் இருக்கும்.

சிறைக்கதவைத் திறக்கச் சட்டம் போதும். வீட்டுக்கதவையும் வேலைக்கதவையும் திறக்க மனிதர்கள் வேண்டும். அந்த மனிதர்கள் எங்கே என்பதே இந்தப் படம் நம்மிடம் விட்டுச்செல்லும் கேள்வி.